ஆடு துரத்திய கதை மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கொட்லாந்துக்காரர் ஏன் ஊரைவிட்டு உலகமெங்கும் போனார்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஹப்புத்தளையில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு தேநீர்க்கடையில் கைமாற்றிப் படித்தோம். அதில் ஒருவன் என் பழைய மாணவன், இப்போது லொறி ஓட்டுகிறான். "அப்போ இங்க தோட்டம் நடத்த வந்த துரைமாரும் நம்மள மாதிரி துரத்தப்பட்ட சனம்தானா சேர்?" என்று கேட்டான். கட்டுரை அவனை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவனுக்கு அந்தக் கேள்விக்குச் சும்மா தலையாட்டிவிட்டு வர மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டத்தான் வேண்டுமென்றால் என் புலம்பலை வெட்டுங்கள், விபரங்களை விட்டுவிடுங்கள்.

கட்டுரையாளர் சொன்னது இதுதான்: நிலப்பிரபுக்கள் செம்மறியாடு வளர்க்கக் குடியானவர்களை விரட்டினார்கள், விரட்டப்பட்டவர்கள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள், அவர்கள் விட்டுப்போன இடத்துக்குப் பஞ்சத்தில் அடிபட்ட அயர்லாந்துக்காரர் வந்தார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட ஸ்கொட்லாந்தில் சதர்லாந்துப் பிரபு வம்சம் காலி செய்த ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் எந்த அயர்லாந்துக்காரரும் குடியேறவில்லை. அங்கே இன்றைக்கும் இடிந்த கற்சுவர்கள்தான் கிடக்கின்றன. அயர்லாந்துக்காரர் வந்தது கிளாஸ்கோவுக்கு, டண்டிக்கு, லனார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு. அந்த ஊர்கள் காலியாகவில்லை, நிரம்பி வழிந்தன. நிரம்பி வழிந்த அந்த ஊர்களிலிருந்துதான் ஸ்கொட்லாந்துக்காரர்களும் அதிகமாகக் கப்பலேறினார்கள். கட்டுரை தொடாமல் போன முடிச்சு இதுவே.

ஆட்டுக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. சதர்லாந்தில் 1807 முதல் 1821 வரை நடந்தது கொடுமைதான். பிரபுவின் காரியஸ்தராக இருந்த பற்றிக் செல்லர், ஆட்களைக் கிளப்பிய நிலத்தைத் தானே ஆட்டுப்பண்ணையாகக் குத்தகைக்கு எடுத்தவர். 1814இல் வீட்டுக்கூரைகளுக்குத் தீ வைத்த விவகாரத்தில் 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். ஆனால் அங்கேயும் கதை அவ்வளவு நேரானதல்ல. மேற்குக் கரையிலும் தீவுகளிலும் நிலப்பிரபுக்கள் முதலில் குடியானவரைப் போகவிடாமல்தான் பிடித்துவைத்தார்கள். நெப்போலியன் யுத்த காலத்தில் கடற்பாசியை எரித்து எடுக்கும் சாம்பலுக்குக் கண்ணாடி, சவர்க்காரத் தொழில்களில் பெரிய கிராக்கி. ஒரு டன் 20 பவுண் வரை போனது. பாசி அறுக்க ஆள் வேண்டும், பட்டாளத்துக்கும் ஆள் வேண்டும். அதனால் 1803இல் பயணிக் கப்பல் சட்டம் வந்தது. ஒரு கப்பலில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, இவ்வளவு சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு மனிதாபிமானமாக இருந்தது. அதனால் ஏறியது என்னவோ கப்பல் கட்டணம். ஏழைக்கு அது எட்டாமல் போனது. அந்தச் சட்டத்துக்கு முன்நின்றவர்களில் பெரும்பங்கு ஹைலண்ட் எனப்படும் வடக்கு, மேற்கு மலைநாட்டுப் பிரபுக்கள்.

1815இல் யுத்தம் முடிந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்ததும் பாசிச் சாம்பல் விலை விழுந்தது. 1846இல் உருளைக்கிழங்கு நோயும் வந்து சேர்ந்தது. நேற்றுவரை சொத்தாக இருந்த சனம் ஒரே தலைமுறைக்குள் பாரமாகிப் போனது. அப்போது அதே வர்க்கம் கப்பல் கட்டணத்தைத் தானே கட்டி ஆட்களை அனுப்பியது. பாரா, சவுத் யூஸ்ட் தீவுகளை வாங்கியிருந்த கேணல் கோர்டன் 1851இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டார். மறுத்தவர்களைப் பிடித்துக் கட்டி ஏற்றியதாகக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன், இது முழுக்கதையில் சிறு பாகம். 1825க்கும் 1938க்கும் இடையில் ஸ்கொட்லாந்திலிருந்து கடல் கடந்தவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். 1841க்குப் பிறகு எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு நடந்தவர்கள் இதில் சேர்த்தியில்லை. 1850களுக்குப் பிறகு போனவர்களில் மிகப் பெரும்பான்மை தாழ்நிலத்துக்காரர்: ஏர் ஓட்டுபவர், நெசவாளி, கல்தச்சர், இரும்பு வார்ப்பவர், கணக்குப்பிள்ளை. ஐரோப்பாவில் சனத்தொகைக்கு ஏற்ற கணக்கில் அதிகம் பேரை வெளியே அனுப்பிய நாடுகள் அயர்லாந்து, நோர்வே, ஸ்கொட்லாந்து. முதல் இரண்டும் விவசாய நாடுகள். மூன்றாவது, உலகத்துக்கே கப்பலும் ரயில் எஞ்சினும் செய்து கொடுத்த நாடு. வேலை இருந்த நாட்டிலிருந்து ஏன் ஓடினார்கள்?

பின்னாளில் அமெரிக்காவின் எஃகுக் கோடீஸ்வரரான அன்ட்ரூ கார்னகியின் தகப்பனாரைப் பாருங்கள். டன்ஃபர்ம்லினில் கைத்தறியில் லினன் நெய்தவர். நீராவித் தறி வந்து வேலையைத் தின்றது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் ஏற்கனவே போயிருந்த மனைவியின் சகோதரிகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1848இல் தறியையும் தட்டுமுட்டையும் விற்றும் பணம் போதாமல் 20 பவுண் கடன் வாங்கிக் குடும்பம் கிளம்பியது. அங்கே ஆடும் இல்லை, பிரபுவும் இல்லை. ஒரு இயந்திரமும் சில கடிதங்களும்தான். அதற்கு முன்பே, 1820, 21இல், கிளாஸ்கோ, லனார்க்ஷயர் நெசவாளர்கள் சங்கம் அமைத்து அரசாங்கத்திடம் கெஞ்சிக் கனடாவுக்குப் போனார்கள். இன்றைய ஒன்ராறியோவில் அவர்கள் குடியேறிய பகுதிக்கு லனார்க் என்றே பெயர்.

வயல்வேலைக்காரன் நிலைமை வேறு. அவனை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கூலி பேசி எடுப்பார்கள். குடியிருக்கும் வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் வீடும் போனது. இது தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் இருக்கும் எங்கள் சனத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு. வேலை போனவனுக்கு ஊர் என்ன செய்தது? இங்கிலாந்தில் எப்படியோ, ஸ்கொட்லாந்தின் 1845ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்படி உடம்பில் வலு இருக்கிறவன் வேலையில்லை என்று போய் உதவி கேட்க உரிமையே கிடையாது. நோயாளியாக, கிழவனாக, அநாதையாக இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். ஆகவே அவன் காலைக் கிளப்ப வேண்டியதுதான்.

பட்டணம் போனவனுக்காவது நல்ல கூலி கிடைத்ததா? ஸ்கொட்லாந்துத் தொழிற்சாலைகள் ஏற்றுமதியை நம்பியவை. உலகச் சந்தை தும்மினால் கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரையில் ஆயிரம் பேருக்கு வேலை நின்றது. கூலி நெடுங்காலம் இங்கிலாந்தைவிடக் குறைவு. 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்கொட்லாந்து வீடுகளில் நூற்றுக்கு 34 ஒற்றை அறை வீடுகள், இன்னொரு 37 இரண்டு அறை வீடுகள். பத்தடி லயக்காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கை முதலில் படித்தபோது ஒரு மாதிரிதான் இருந்தது. அதே காலத்தில் அந்த நாட்டு முதலாளிகளின் பணமோ அமெரிக்க மாட்டுப்பண்ணைகளிலும் ரயில்பாதைகளிலும் முதலாகப் போய்க்கொண்டிருந்தது. கூலியில் மிச்சம் பிடித்த காசு முன்னால் கப்பலேற, கூலிக்காரன் பின்னால் ஏறினான்.

ஏறுவதும் வரவர இலகுவாகியது. நீராவிக் கப்பல் வழக்கத்துக்கு வந்ததும் அத்லாந்திக்கைக் கடக்க வாரக்கணக்கு போய் நாட்கணக்கு வந்தது. கனடா 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 160 ஏக்கர் நிலம் தருகிறேன் என்று கூப்பிட்டது. அபர்தீன் கருங்கல் தச்சர்கள் வசந்தத்தில் அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்துவிட்டுக் குளிர்காலத்துக்கு ஊர் திரும்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திரும்பி வந்தவர்கள் என்கிறார்கள். விரட்டப்பட்ட சனம் என்ற ஒரே சொல்லில் இவர்களை எப்படி அடைப்பது?

இனி வந்தவர்கள். ஸ்கொட்லாந்துக்காரனுக்குப் போதாத கூலி, அயர்லாந்தின் டொனகலிலிருந்து வந்தவனுக்குப் பெரிய கூலி. இதை ஏணிப்படியாக நினைத்துப் பாருங்கள்: மேற்படியில் நிற்பவன் இன்னும் மேலே கால்வைக்கிறான், கீழே நிற்பவன் அவன் விட்ட படிக்கு ஏறுகிறான். பஞ்சத்துக்கு முன்பே அயர்லாந்துக்காரர் அறுவடைக்கு வந்துபோனவர்கள்தான். கப்பல் கம்பனிகளின் போட்டியில் கப்பலின் திறந்த மேல்தளத்தில் போகும் பயணம் சில பென்ஸ் காசுக்கு வந்துவிட்டிருந்தது. 1847இல் அவர்கள் வரவு வெள்ளமானது. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்கொட்லாந்தில் இருந்த அயர்லாந்துப் பிறப்பாளர் 2,07,367 பேர், நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். இங்கிலாந்தில் அந்த விகிதம் இதில் பாதிகூட இல்லை. கிளாஸ்கோவிலும் டண்டியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

டண்டியைச் சொல்லாமல் சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசக்கூடாது. வங்காளத்துச் சணல் அங்கே கப்பலில் வந்து இறங்கியது. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். அயர்லாந்துப் பெண்கள் கூட்டமாக வந்து குடியேறிய லொக்கி பகுதியை, அயர்லாந்து மாவட்டம் ஒன்றின் பெயரால், சின்ன டிப்பரேரி என்றே அழைத்தார்கள். அங்கே கொக்ஸ் சகோதரர்களின் கம்பர்டவுன் ஆலைப் புகைக்கூண்டு இன்னும் நிற்கிறது. பிறகு அதே சணலைக் கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையிலேயே நெய்தால் மலிவு என்று கண்டுகொண்டார்கள். அந்த ஆலைகளை நடத்த மேற்பார்வையாளர்களும் எந்திரக்காரர்களும் டண்டியிலிருந்து போனார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டியை முந்திவிட்டது. ஆகச் சணல் என்ற ஒரே சரக்கு அயர்லாந்துப் பெண்ணை டண்டிக்குக் கொண்டுவந்தது, டண்டி ஆணை வங்காளத்துக்கு அனுப்பியது, கடைசியில் இருவருடைய பிழைப்பிலும் கைவைத்தது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டஸ்கனியின் பார்கா ஊரிலிருந்தும் தெற்கே பிச்சினிஸ்கோவிலிருந்தும் வந்த இத்தாலியர் ஐஸ்கிறீம் கடையும் மீன் பொரியல் கடையும் போட்டார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர் கிளாஸ்கோ கோர்பல்ஸில் தையல் வேலை செய்தார்கள். லித்துவேனியர் பெல்ஸ்ஹில் பக்கத்துச் சுரங்கங்களில் இறங்கினார்கள். தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியே ஆரம்பத்தில் இவர்கள் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று எதிர்த்தார். பின்னாளில் லனார்க்ஷயர் சுரங்கத் தொழிற்சங்கம் தன் விதிகளை லித்துவேனிய மொழியிலேயே அச்சிட்டது. 1917இல் இவர்களிடம் பிரிட்டிஷ் பட்டாளமா, ரஷ்யாவா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ரஷ்யாவுக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் சிலரே.

இந்த வரவையும் செலவையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஹப்புத்தளைக்கு வாருங்கள். லிப்டன் சீற் என்ற மலைமுனைக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த மனிதரைத் தேயிலைப் பெட்டிப் பெயராக மட்டும்தான் தெரியும். தோமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியிலிருந்து பஞ்ச காலத்தில் கிளாஸ்கோவுக்கு வந்தவர்கள். அதாவது அவர் குடியேறிகளின் பிள்ளை. கோர்பல்ஸில் அவர்கள் வைத்திருந்த சின்னக் கடையில் அயர்லாந்து வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்றார்கள். பதினைந்து வயதளவில் பையன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல்வயலிலும் வேலை செய்தான். சில வருடங்களில் திரும்பி வந்து 1871இல் சொந்தக் கடை திறந்தான். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னத் தோட்டம் அதில் ஒன்று. என் மகள் கிளாஸ்கோவில் தாதியாக இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது கோர்பல்ஸ் சதர்ன் நெக்ரோபொலிஸ் மயானத்தில் லிப்டன் குடும்பக் கல்லறையைத் தேடிப் பிடித்தேன். "உலகமே சுத்திப் பார்க்கும் ஊருக்கு வந்து மயானம் பார்க்கிற ஒரே ஆள் நீங்கதான் அப்பா" என்றாள் மகள். பிரபல கோடீஸ்வரர், பிறந்த சேரிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறார்.

பந்தாட்டப் பிரியர்களுக்கு இன்னொரு உதாரணம். மான்செஸ்டர் யுனைட்டட்டைப் பெரிய கழகமாக்கிய மெற் பஸ்பி பெல்ஸ்ஹில் பக்கத்துச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். அயர்லாந்து வம்சம். தகப்பன் முதலாம் உலக யுத்தத்தில் செத்தார். தாய் அமெரிக்காவுக்குக் குடும்பத்தோடு போக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் 1928இல் மான்செஸ்டர் சிட்டி பையனை எடுத்தது. வந்தவர்களின் பேரன், போகிறவர்களின் வரிசையில்.

1923 ஏப்ரலில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்திலிருந்து மெற்றகாமா என்ற கப்பல் சுமார் 300 இளவட்டங்களைக் கனடாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. யுத்தத்திலிருந்து ஊர் திரும்பிய மாலுமிகளை ஏற்றிவந்த அயோலேர் கப்பல் 1919 புத்தாண்டு அன்று அந்தத் துறைமுக வாசலிலேயே உடைந்து 201 பேர் இறந்த தீவு அது. ரஷ்ய, ஜெர்மன் சந்தை போனதால் ஹெரிங் மீன் வியாபாரமும் படுத்துவிட்டது. மெற்றகாமா போனதற்கு அடுத்த மாதம் எடின்பரோவில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை முன் ஒரு அறிக்கை வைக்கப்பட்டது. அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஸ்கொட்லாந்து இனத்துக்கே ஆபத்து என்பது அதன் சாரம். அப்போது அயர்லாந்திலிருந்து வரவு ஏறக்குறைய நின்றேவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளை வெளியேற்றியது மீன் விலையும் வேலையின்மையும். பழி விழுந்ததோ எழுபது வருடத்துக்கு முன் வந்தவனின் பேரன்மேல். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்கொட்லாந்தின் சனத்தொகை 1921ஐவிட ஏறத்தாழ 40,000 குறைந்திருந்தது. அதே பேரவை 2002இல் அந்த அறிக்கைக்காக வருத்தம் தெரிவித்தது. தாமதம்தான்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இலங்கைக்குக் கோப்பித் துரைமாராக வந்தவர்களில் கணிசமானோர் ஹைலண்டில் விரட்டப்பட்டவர்கள் அல்லர். அபர்தீன், கின்கார்டின் பக்கத்து வடகிழக்குச் சமவெளிக் குடும்பங்களின் பிள்ளைகள். குத்தகை விவசாயியின் இளைய மகன், பாதிரியின் மகன், ஓரளவு படித்துவிட்டு ஊரில் இடமில்லாதவன். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் தகப்பனார் கின்கார்டின்ஷயரில் வண்டிச்சக்கரம் செய்பவர். மகன் பள்ளியில் உதவி ஆசிரியனாகப் பழகிக்கொண்டிருந்தவன். ஏற்கனவே வந்திருந்த உறவினர் வழியாக மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் 1852இல் இங்கே வந்தான். ஊர் திரும்பாமலே 1892இல் இறந்து கண்டியில் அடக்கமானார். பாவம் என்று சொல்லுங்கள், வேண்டாமென்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் போகலாம் என்ற வழி அவருக்குத் திறந்திருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்த எங்கள் பாட்டன்மார், ஆள்சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் கடனோடு நடந்தார்கள். தோட்டம் மாறவும் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டி எடுக்க அடுத்த துரை வேண்டும். துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது கணக்கில் மோசடி.

விரட்டப்பட்டவன் இரக்கமுள்ளவனாக ஆகிவிடுவான் என்றும் கட்டுரை மறைமுகமாகச் சொல்கிறது. ஹைலண்டின் ஸ்கை தீவில் பிறந்த அங்கஸ் மக்மில்லன் அவுஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிலம் பிடித்தவர். 1843இல் வொரிகல் ஓடையில் பூர்வகுடிகள் கொன்றுகுவிக்கப்பட்டதில் முன்நின்றவராக வரலாற்றாசிரியர்கள் அவரைத்தான் சுட்டுகிறார்கள். அவர் பெயரிலிருந்த தேர்தல் தொகுதியின் பெயர் 2018இல் மாற்றப்பட்டது.

சென்னைக்குப் போய்வருகிறவர்களுக்கு நேப்பியர் பாலம் தெரியும். அந்த நேப்பியர் பிரபு ஸ்கொட்லாந்துக்காரர், 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் ஆளுநர். எங்கள் சனம் கோப்பித் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஊர் திரும்பிய பிறகு, 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்துக் குடியானவர்கள் பொலிஸோடு மோதியதை அடுத்து அரசாங்கம் போட்ட விசாரணைக் குழுவுக்கு 1883இல் அவரே தலைவர். தீவு தீவாகப் போய்க் குடியானவர்களின் வாயால் கேட்டார்கள். 1886இல் வந்த சட்டம் அவர்களைத் தங்கள் நிலத்திலிருந்து கிளப்ப முடியாதபடி உரிமை கொடுத்தது. எங்கள் லயங்களுக்கு அந்த மாதிரிக் காணியுறுதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானே பத்துப் பிரதி வாங்கிப் பங்கிட்டிருப்பேன்.

தொடரின் அடுத்த பகுதி துரைமாரின் வாழ்க்கை பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். டெய்லர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. எழுதும் முன் அவற்றையும், 1883ஆம் ஆண்டு விசாரணையில் பதிவான குடியானவர் சாட்சியங்களையும் கட்டுரையாளர் ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சென்ற பகுதியில் அயர்லாந்துக்காரர் 'காலியான இடத்துக்கு வந்தார்கள்' என்று இருக்கும் வரிக்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இதழை வெட்டி ஒட்டிவைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஹப்புத்தளை.